அம்பாசடருக்குப் பட்டு மெத்தை

"ஐயோ, முதுகுல என்னமோ ஊருது!"

பின்சீட்டில் மாமியார் செல்லியம்மா போட்ட கூச்சலில், கோபிகிருஷ்ணன் மலைக்கோயில் அடிவாரமான அலிபிரிக்குப் போகும் ரோட்டிலேயே பிரேக்கை மிதித்தான். நாற்பது வருடப் பழைய அம்பாசடர் அது. வீடியோ பார்த்து, சீட்டை அவனே பிரித்துத் தைத்திருந்தான். "எங்கம்மா சொகுசா போய்ச் சேரலன்னா, வண்டி காயலான் கடைக்குத்தான்" என்று ராமகுப்பத்தில் கிளம்பும்போதே மனைவி சுமித்ரா சொல்லியிருந்தாள்.

தையல் இடுக்கிலிருந்து வெள்ளைப் பூச்சிகள் சிறகை அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாமியாரின் கொண்டையில் மட்டும் ஆறு.

"உள்ள என்னய்யா அடைச்ச?" என்றாள் சுமித்ரா.

"நம்ம பட்டுக்கூடுதான். மார்க்கெட்டுல கழிச்சது. மெத்துனு இருந்துச்சு."

"உள்ள புழு உயிரோட இருக்குமே! அது சாக ஆவி காட்டினியா?"

"அதெல்லாம் கூடு வாங்கறவன் வேலை. நாம என்னிக்குக் காட்டினோம்?"

சுமித்ரா காயலான் கடைக்குப் போன் போட்டாள். செல்லியம்மா போனைப் பிடுங்கி மடியில் செருகினாள். அவள் உள்ளங்கையில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது.

"இருடி. முப்பது வருசமா புழு வளர்த்துக்கினு இருக்கேன், பூச்சி எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."