நாலாம் மேசைக் கணினி

லினக்ஸ் நிறுவல் மறுபடியும் அறுபத்தேழு சதவீதத்தில் நின்றது. மவுஸை என்ன உருட்டியும் திரையில் அம்பு அசையவில்லை.

"வீட்ல நாலு தடவை போட்டேம்மா. இதே எடத்துல அப்படியே நின்னுடுது," என்றார் மேற்பார்வையாளர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஓய்வு பெற்றபோது, அங்கே கழித்துக்கட்டிய கணினியைச் சும்மா வாங்கி வந்திருந்தார். பழசுக்கு லினக்ஸ்தான் சரி என்று யாரோ சொன்னார்களாம்.

கணினி பழுதுபார்க்கும் கடைக்காரி பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். பெட்டியின் பக்கவாட்டில் 'மேசை 4' என்ற சீட்டு, அவளே எழுதி ஒட்டியது. இரண்டு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்து பரிசோதனை முடிவுகளைத் தட்டச்சு செய்தவள். ஒருநாள் நாற்பது பேருடைய முடிவுகள் கன்னாபின்னாவென்று குழம்பிப்போயின. "வாய் ஓயாம பேசிக்கிட்டே தட்டினா இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் கத்தியவர் இவர்தான். அன்றைக்கே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சொந்த அண்ணனே நெருப்பில்லாமல் புகையுமா என்றான். அந்த வயிற்றெரிச்சலில்தான் கணினியைப் பிரித்து மேயக் கற்றுக்கொண்டாள்.

ரேம் என்கிற நினைவகச் சில்லுக்கான சோதனையை ஓடவிட்டாள். மூன்றாம் நிமிடம் ஒரு சிவப்பு வரி வந்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் திரை கொள்ளவில்லை. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"செவப்பா வருதே, என்னம்மா அது?"

"ரேம் கெட்டுப்போயிருக்கு சார். நாம ஒண்ணு எழுதினா அது வேற ஒண்ணத் திருப்பித் தரும். ஃபைலெல்லாம் தானா நாசமாகும்."

அவருக்கு உறைத்துவிட்டது. "இப்பத்தான் கெட்டிருக்கும்," என்று முனகினார்.

"எனக்கப்புறம் அந்த மேசையில எத்தனை பேர இதே மாதிரி வேலைய விட்டு அனுப்பினீங்க?"

அவர் 'மேசை 4' சீட்டைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு பேரு."

உள்ளே இரண்டு ரேம்கள் இருந்தன. கெட்டதைக் கழற்றினால் அரைமணியில் வேலை முடியும். அவள் திருப்புளியைத் தொடவே இல்லை.

"லேப் முதலாளியம்மாவுக்கு போன் போடுங்க. மூணு பேரு மேலயும் தப்பில்லன்னு சொல்லுங்க. அப்புறம் போட்டுத் தரேன்."

"இத்தனை வருஷம் கழிச்சா? அசிங்கமா இருக்கும்மா."

"இருக்கட்டும் சார். எனக்கும் இருந்துச்சு."

அவர் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரை அவள் போட்டாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ? யாருங்க?"

அவர் போனை வாயருகே கொண்டுபோனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.