ஓம், இல்லை வராத கேள்வி

றுகையா டீச்சரான என் கேள்வித்தாள் என்றால் பிள்ளைகளுக்குப் பயம். இருபத்திரண்டு வருடமாகக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆனாலும் குறி சொல்லும் ஒரு சீட்டுக்காரிக்குக் கேள்வி தயாரித்துக் கொடுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அது 2009 ஜூலை மாதம். யுத்தம் முடிந்து இரண்டு மாதம், என் தம்பி மசூர் கடலோடு போய் நாலரை வருடம். சுனாமி அன்று காலை சாய்ந்தமருதுக் கரையில் தோணியடியில் நின்றவன் அவன். அதன் பிறகு அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்ததும் ஊரில் ஒரு கதை கிளம்பியது. சுனாமியில் அள்ளுண்டு போன நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் வவுனியா அகதி முகாம்களில் உயிரோடு இருக்கிறார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மசூரின் மனைவி மர்ஷூதாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

எங்கள் சொந்தக்காரி உம்மு பொத்துவிலில் வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதியில் சமைக்கிறாள். அங்கே ஒரு வெள்ளைக்காரி படம் போட்ட சீட்டைப் பரப்பி வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாளாம். உம்மு இதைப் போனில் சொன்னதுதான் தாமதம், மர்ஷூதா புறப்பட்டுவிட்டாள். குறி கேட்டால் நாற்பது நாள் தொழுகை கபூலாகாது, அல்லாஹ் ஏற்கமாட்டான் என்று நான் கத்தினேன்.

“நாலர வருசத் தூக்கம் போயிட்டு மதினி. அதுக்கு என்ன செய்யிற?” என்றாள்.

அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன்.

அக்கரைப்பற்றில் இறங்கி பொத்துவில் பஸ்ஸுக்காக பஸ் நிலைய வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். மர்ஷூதா பையிலிருந்து மகள் நேசரியில் எழுதும் கொப்பியை எடுத்தாள். மூன்று கேள்விதான் கேட்கலாமாம். அதற்கும் உம்மு நிபந்தனை சொல்லியிருந்தாள். ஓம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வருகிற கேள்வி கூடாது. மற்றவரைப் பற்றிக் கேட்கக் கூடாது, கேட்பவர் தன்னைப் பற்றித்தான் கேட்க வேண்டும். சீட்டுக்காரியாக இருந்தாலும் விஷயம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மர்ஷூதா எழுதி எழுதிக் காட்டினாள்.

“அவரு உசிரோட இரிக்காரா?”

“ஓம், இல்ல வந்திட்டு. வெட்டு.”

“அவரு எங்க இரிக்காரு?”

“மத்த ஆளப் பத்தின கேள்வி. பொலிசில கேக்கிறதச் சீட்டுல கேக்காத. வெட்டு.”

“எப்ப வருவாரு?”

பேனாவைப் பிடுங்கி நானே வெட்டினேன். கொப்பித் தாள் கிழிந்துவிட்டது. நான் முன்கோபக்காரி என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்று எனக்கு வந்தது கோபமில்லை, பயம். அந்த மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும்.

சுனாமி அன்று பின்னேரம், செத்தவர்களின் மையத்துகளைக் கிடத்தியிருந்த ஒரு மண்டபத்தில் நான் மசூரைக் கண்டேன். முகத்தைக் காணுமுன் இடுப்புச் சாரனைத்தான் கண்டேன். நெசவூரான மருதமுனைக்காரி மர்ஷூதா கலியாணத்துக்கு முதல் தன் கையால் நெய்து கொடுத்த சாரன் அது. ஓரத்தில் மூன்று நீல இழை வர வேண்டிய இடத்தில், எண்ணிக்கை பிசகி நான்கு விட்டிருந்தாள். ‘எனக்கு மட்டும் ஒரு இழ கூட’ என்று அந்தப் பிழையை ஊரெல்லாம் காட்டித் திரிந்தவன் என் தம்பி.

அடக்கம் செய்ய நின்றவர்கள் என்னிடம், “இவரத் தெரியுமா?” என்று கேட்டார்கள். நான் தெரியாது என்றேன்.

மர்ஷூதா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சம்மாந்துறையில் தஞ்சம் புகுந்த ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு கிடந்தாள். பெயரைக் கொடுத்தால் பொழுது படுவதற்குள் செய்தி அவளிடம் போய்விடும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தேன். பிள்ளை பிறக்கட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு பிள்ளை பால் மறக்கட்டும் என்றிருந்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

மர்ஷூதா என்னிடமிருந்து பேனாவைத் திரும்ப வாங்கினாள். பிறகு குனிந்து எழுதி, கொப்பியை என் மடியில் வைத்தாள்.

‘வாப்பா எங்க எண்டு மகள் கேட்டா, நான் என்ன சொல்ல?’

ஓம், இல்லை வராத கேள்வி. தன்னைப் பற்றிய கேள்வி. திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் வெட்டுவதற்கு ஒரு எழுத்தும் இல்லை.

பொத்துவில் பஸ் வந்து நின்றது. மர்ஷூதா எழும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இரி புள்ள. இதுக்குச் சீட்டு வேணாம். நான் சொல்றன்.”

சொன்னேன். மண்டபம், சாரன், தெரியாது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் பஸ் போய்விட்டது.

“எத்தின இழ?” என்று கேட்டாள்.

“நாலு.”

அவள் அழவில்லை. கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப என்ட இத்தா?” என்றாள்.

புருஷன் மௌத்தானால், அவன் சாவுக்காக மனைவி நான்கு மாதம் பத்து நாள் அலங்காரம் எதுவுமில்லாமல் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் பிரசவத்தோடு அது முடிந்துவிடும். இது எனக்கும் தெரியும். ஆனால் நாலரை வருடத்தில் ஒரு நாளாவது நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

“புள்ள பொறந்த அண்டைக்கே முடிஞ்சிரிக்கி மதினி. அண்டைக்கு நான் ரெண்டு கையிலயும் மருதோண்டி போட்டிருந்தன். புள்ளயப் பாக்க எப்பிடியும் வருவாரெண்டு. அவருக்காக ஒரு நாள் கூட நான் இத்தா இரிக்கல்ல. அந்த நாளெல்லாம் நீங்க எடுத்திட்டீங்க.”

அவள் ஏசவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஊரார் பிள்ளைகளின் பிழையெல்லாம் திருத்திய எனக்கு, என் பிழையை என்ன செய்வதென்று தெரியவில்லை. “மாப்புச் செய் புள்ள” என்று மட்டும் சொன்னேன்.

இன்னொரு பஸ் வந்து போனது. அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வாங்கில் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“நீங்களும் அழல்லயா மதினி, இவ்வளவு நாளா?”

“ஆருக்குத் தெரிய அழுற? அழுதா நீ ஏனெண்டு கேப்பியே.”

அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பிறகு என் காதோடு வந்து, சீட்டுக்காரியிடம் கொண்டுபோகவே முடியாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“அவர்ட கண்ணு மூடி இரிந்திச்சா?”

“ஓம் புள்ள. நான்தான் மூடி விட்டன்.”

மர்ஷூதா என் வலக்கையை எடுத்து, விரித்து, தன் இரண்டு கண்களின் மேலும் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள்.