நாற்பத்திரண்டுக்கு மேல்

மலை நகரத்தில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சமவெளி நகரத்தின் வெயிலை அளப்பது அவள் வேலை. இரண்டு ஊரிலும் மொட்டைமாடிகளில் வானிலைக் கருவிகள் வைத்திருந்தாள். கான்கிரீட் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று ஒப்பிடும் ஆராய்ச்சி. சமவெளியில் எட்டுக் கருவிகள். ஒன்று அக்கா வீட்டு மாடியில். ராத்திரி டூட்டி நர்ஸான அக்கா பகலெல்லாம் அந்த மாடிக்கு நேர் கீழே தூங்குவாள்.

வெயிலுக்குப் பயந்து இங்கே வரப் பெட்டி கட்டியிருந்தாள் அக்கா. சூடு இறங்கிவிட்டது, சும்மா அலையாதே என்று நேற்றுத் தடுத்தவள் இவள்தான். கருவிகளின் சராசரிக் கணக்கு அப்படித்தான் சொன்னது.

இன்று சாப்பிட்டுவிட்டு வந்து வரைபடத்தைப் பார்த்தாள். ஐந்து நாளாக மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை ஒரு புள்ளிகூட இல்லை. பேட்டரியைத் திட்டினாள். எட்டு பேட்டரியும் பேசி வைத்துக்கொண்டா சாகும்? கணக்குப் போடும் நிரலைத் திறந்தாள். நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் வந்தால் கருவிக் கோளாறு, தள்ளிவிடு. மலை நகரத்துக்காக அவளே எழுதிய வரி. மகா புத்திசாலி, அதை அப்படியே சமவெளிக்கும் போட்டிருந்தாள். வரியை நீக்கினாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று புள்ளிகள் மளமளவென்று ஏறின.

மூன்றாவது தடவைதான் அக்கா போனை எடுத்தாள்.

"குளிருதுடி. அம்மா போர்வை எடுக்கப் போயிருக்காங்க."

அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. "தண்ணிய எடுத்துத் தலையில ஊத்துக்கா" என்று கெஞ்சினாள். அக்கா ஏதோ குழறிச் சிரித்தாள். பிறகு சத்தமே இல்லை.

ஆபீஸ் போனில் அக்கா வீட்டுக்குக் கீழே இருக்கும் டெய்லரைப் பிடித்தாள். மனிதர் மாடியேறிக் கதவை உடைத்தார்.

"உடம்பு கொதிக்குதும்மா. கண்ணு சொருகுது."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு."

தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றச் சொன்னாள், ஃபேனைப் போடச் சொன்னாள். ஆம்புலன்ஸுக்கு அவளே சொன்னாள். அது வந்து அக்காவை ஏற்றிக்கொண்டது என்று கேட்ட பிறகுதான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

பாதி அழுகையில் நிமிர்ந்தாள். சூடு இறங்கிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்ற அதே சேதியை கருவி வைத்த மற்ற ஏழு வீட்டுக்கும் நேற்று அவள் அனுப்பியிருந்தாள்.