முளைவிட்ட இரண்டு மூட்டைகள்

2025 செப்டம்பர் 3, புதன், மதியம்

திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். நான் வேலை செய்யும் மில்லில் பூமிநாதன் சித்தப்பா இறக்கிய நான்கு நெல்மூட்டைகளையும் ‘சணல் கட்டு’ என்று எழுதியிருக்கிறேன். வந்தபோது இரண்டுதான் சணலால் கட்டியிருந்தன. மற்ற இரண்டும் வைக்கோல் புரியால் கட்டியிருந்தன. ஈரம் பார்க்க நான்கையும் அவிழ்த்தேன். புரி அறுந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி சணலால் கட்டி அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகு கண்ணில் பட்டதை எழுதிவிட்டேன். பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுத வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இனி அப்படிச் செய்கிறேன்.

அதே நாள், மாலை

சிறு தவறு இல்லை.

இரண்டு மணிக்குச் சித்தப்பா விதையை எடுத்துப்போக ஆட்டோவோடு வந்தார். அவர் கொண்டுவந்தது எல்லாமே பார்வைக்கு ஒரே சிவப்பு நெல். இரண்டு மூட்டை சாப்பாட்டுக்கு, அவித்து அரைக்க வேண்டியது. இரண்டு மூட்டை விதைக்கு, மெஷினில் பதர் போகச் சலித்தால் போதும். இதை எழுதித்தான் வைத்திருந்தேன். எந்த இரண்டு என்பதை எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் வீட்டில் விதையை வைக்கோல் புரியால்தான் கட்டுவார்களாம். அதைப் போய் வாயால் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் வீட்டில் விதைப்பதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கைக்கு வந்த இரண்டை அவிக்கவும் மற்ற இரண்டைச் சலிக்கவும் அனுப்பிவிட்டேன்.

சலித்த மூட்டையை ஏற்றுவதற்கு முன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

“இது வெதையில்ல தாயி. இதுல வேற நெல்லும் கலந்து கெடக்கு. நான் கதிர் கதிரா பொறுக்கி வச்சது எங்க?”

நான் ஊறல் தொட்டிப் பக்கம் திரும்பினேன். தொட்டியும் பாயிலரும் மலையாண்டி அண்ணன் பொறுப்பு.

“அண்ணே, திங்கக்கிழமை தொட்டியில போட்ட ரெண்டு மூட்டை எங்குட்டு இருக்கு?”

“அதா? ஒரு நாள் பச்சத் தண்ணியில ஊறவச்சு நேத்து சாயங்காலம் வடிச்சாச்சு. பாயிலர் ஒழுகுது, ஆவி காட்டல. அந்தா, சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கேன். மொதலாளிகிட்டச் சொல்லிறாத, ரெண்டு நாளா சும்மாதேன் உக்காந்திருக்கேன்.”

சித்தப்பா சாக்கை விலக்கிக் குவியலுக்குள் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை.

“சுடுது” என்றார்.

கையில் வந்த நெல்லில் பாதிக்கு மேல் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை எட்டிப் பார்த்தது.

“பாயிலர் நல்லாயிருந்தா இந்நேரம் வெந்திருக்கும்யா. உசுரு இருக்குல்ல, அதுக்குச் சந்தோசப்படு” என்றார் மலையாண்டி அண்ணன்.

“உசுரு இருக்கிறதுதேன்டா கொடுமை.”

அவர் சொன்னது சரி. எங்கள் கண்மாய் வறண்டு கிடக்கிறது. இங்கே எல்லாரும் புழுதியில்தான் விதைப்பார்கள். காய்ந்த விதை காய்ந்த மண்ணுக்குள் மழை வரும்வரை காத்துக் கிடக்கும். முளைவிட்ட விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு நாளைக்குள் அதற்குச் சேறு வேண்டும். சித்தப்பாவுக்குக் கிணறும் இல்லை, போரும் இல்லை. மூன்று ஏக்கருக்கு இருப்பது இந்த நூற்றிருபது கிலோதான். கடை விதையை நடுவில் இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார். இரண்டு வருடமும் பூக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பதராகிவிட்டது. போன வருடம் இந்தச் சிவப்பு நெல் மட்டும் நின்றது. ஊரில் வேறு யாரிடமும் இது இல்லை.

நீலாயதாட்சி மேடத்துக்குப் போன் செய்தேன். காரைக்குடி மாலை வகுப்பில் விதைப் பாடம் எடுப்பவர். வெள்ளை தெரியாத நெல்லை நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்கச் சொன்னார். வெள்ளை தெரிவதைக் காயவைத்தால் செத்துவிடும் என்றார்.

“எத்தனை தேறும் மேடம்?”

“காஞ்ச பெறகு நூறு எண்ணிப் போட்டுப் பாரு. அதுக்கு முன்னாடி நான் சொன்னாலும் நம்பாத.”

நூற்றிருபது கிலோவை ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது. குவியலின் மேல்தோல் குளிர்ந்திருந்தது. அதில் வெள்ளை குறைவு. நடுவில் சூடு, அங்கே எல்லாம் முளைத்துவிட்டது. ஆகவே மேலே இருந்ததைத் தனியாக வழித்தோம். காய்ந்த எடைக் கணக்கில் எழுபது கிலோ. உள்ளே இருந்தது ஐம்பது. எந்த இடத்தில் கோடு போடுவது என்று நான்தான் சொன்னேன். இரண்டு விரல் ஆழம் தள்ளிச் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அல்லது இரண்டு விரல் குறைவாக.

செப்டம்பர் 4, வியாழன்

மில்லில் லீவு சொல்லிவிட்டு, முளைத்ததை மழை வரும்வரை நாற்றாக வளர்க்க இடம் கேட்டு, போர் தண்ணீர் உள்ளவர்களைத் தேடிச் சித்தப்பாவோடு போனேன். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். ஒருவர் தென்னைக்கே போதவில்லை என்று மோட்டார் அறையைத் திறந்தே காட்டினார். நான்காவதாகக் கொத்தமங்கலத்துக்குப் போனோம். அங்கே சிகப்பி ஆச்சி தன்னுடைய பெரிய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறார். எங்கள் மில் அரிசிதான் அங்கே போகிறது.

“நாத்தங்காலா? எங்க, முகப்புலயா போடப் போறீக?”

“பின்னாடி புல்லு வளத்திருக்கீகல்ல ஆச்சி. அதுல பத்து சென்ட் விட்டீகன்னா…” என்று இழுத்தார் சித்தப்பா.

“அது கெஸ்ட்டுக்குன்னு உள்ள புல்லு. அதுல நானே கால் வைக்கிறதில்ல.”

சித்தப்பா முளைநெல்லை முடிந்து வைத்திருந்த துணியைப் பிரித்துக் காட்டினார். ஆச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“எத்தன நாளு தாங்கும்?”

“நாளைக்கு வரைக்கும் ஆச்சி.”

“இப்படிக் கழுத்துல கத்தி வச்சாப்புல வந்து கேக்குறியேப்பா. கார் நிறுத்துற எடத்துக்குப் பின்னாடி நாலு சென்ட் கெடக்கு. காலையில ஒரு மணி நேரம் மோட்டார். சேத்துக் காலோட ஒருத்தரும் உள்ள வரப்படாது.”

நான்கு சென்ட்டில் இருபது கிலோதான் போட முடியும். மண்வெட்டியால் கொத்தி, தண்ணீர் பாய்ச்சி, மாலைக்குள் சேறாக்கி விதைத்தோம். மீதி முப்பது கிலோ முளையைச் சித்தப்பா வீட்டில் ராக்காயி சித்தி மாட்டுக்கு அள்ளிப் போட்டார். நான் அங்கே நின்றிருந்தேன்.

“ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் வித்தியாசம் தெரியல. இவளுக்கு வெதைப் படிப்பு ஒரு கேடு” என்று மாட்டிடம் சொன்னார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மாலை வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

காட்டு நெல்லிலிருந்து நாட்டு நெல் எப்படி வந்தது என்பது இன்றைய பாடம். காட்டு நெல் பழுத்ததும் தானாக உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரில் நின்றதைத்தான் ஆட்களால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. அதையே மறுபடி விதைத்தார்கள். ஆயிரக்கணக்கான வருடம் இப்படியே போய் உதிராத நெல் நிலைத்தது. மேடம் இன்னொன்றும் சொன்னார். காட்டு நெல் ஈரம் பட்டவுடன் எல்லாம் ஒன்றாக முளைக்காது. சில இந்த மழைக்கு எழும், சில அடுத்த மழைக்கு, சில அடுத்த வருடம். விதைத்தவுடன் முளைத்ததுதான் அறுவடைக்கு வந்தது, அதனால் அதுவே மறுபடி விதையானது. அந்தத் தாமதத்தை மனிதர்கள் நெல்லிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டார்கள்.

தண்ணீர் காட்டினால் ஒன்றாக எழுந்திரு என்று பழக்கியது நாம். தண்ணீர் காட்டியது நான். நோட்டில் இந்த வரியை ஒரு தடவை அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

மேல்தோல் விதை காய்ந்துவிட்டது. மில் கொட்டகை நிழலில் மூன்று நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காலால் கிளறிவிட்டேன்; நான் இல்லாத வியாழனன்று மட்டும் மலையாண்டி அண்ணன் கிளறினார். கடித்தால் டக்கென்று உடைகிறது. மாலை ஆறு மணிக்கு நூறு நெல் எண்ணி, ஈரத் துணியில் வரிசைக்குப் பத்தாக வைத்துச் சுருட்டினேன். இரண்டு தடவை எண்ணினேன். முதல் தடவை தொண்ணூற்றொன்பது.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஆறேகாலுக்குக் கொத்தமங்கலம். நாற்றங்காலில் மூன்று மயில்கள் நின்றன. சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மயில் ஒவ்வொரு முளையாகக் கொத்தி, தலையைத் தூக்கி, விழுங்கியது.

சித்தப்பா துண்டை வீசிக்கொண்டு ஓடினார்.

“அங்கிள், ப்ளீஸ், ஒரே நிமிஷம். சூப்பரா வருது.”

“எனக்கும் வருதுத்தா, வாயில நல்லா வருது” என்றார் சித்தப்பா. அந்தப் பெண் பயந்து போனைக் கீழே இறக்கினாள். மயில்கள் மதில்மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தன. அவற்றை அடிக்கவும் கூடாது.

ஒரு சாண் சதுரத்துக்கு எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எண்ணியபோது நூற்றெண்பது இருந்த இடத்தில் இப்போது ஐம்பத்திரண்டு. ஐந்து இடத்தில் எண்ணினேன். இரண்டு இடத்தில் ஒன்றுமே இல்லை. பழைய சேலைகளைக் கட்டி மூடினோம். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, கெஸ்ட் இருக்கும்போது இங்கே கிழிந்த சேலை தொங்கக்கூடாது என்றார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, “சரி, வலை வாங்குற வரைக்கும் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்றாம் நாள். துணியைப் பிரித்தேன். ஒன்பது.

வகுப்புப் புத்தகத்தில் நெல்லுக்குப் பதினான்கு நாள் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. சித்தப்பாவுக்கு டிராக்டர் கிடைப்பது வெள்ளிக்கிழமை ஒரே நாள்தான். அதை விட்டால் அடுத்த மாதம். சுற்றிலும் எல்லாரும் விதைத்து முடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 10, புதன்

நான்காம் நாள். இருபத்தேழு. சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ஐந்தாம் நாள். நாற்பத்தொன்று. ஒன்று வேர் மட்டும் விட்டிருக்கிறது, முளை வரவில்லை. அதைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு. சேர்க்கவில்லை. மீதியை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பெரும்பாலும் பால்போலக் கசிந்து நாறுகிறது.

துணியோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். ராக்காயி சித்தி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

“எத்தன?” என்றார் சித்தப்பா.

அவர் கண் துணியில் இல்லை, என் முகத்தில் இருந்தது. வழியெல்லாம் நான் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். ஐம்பது என்று சொல்லலாம். அறுபது என்றுகூடச் சொல்லலாம். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே, அதற்குள் வரலாமே.

“அம்பதாச்சும் தேறுமா தாயி? அம்பதுன்னா ரெண்டு ஏக்கருக்கு இழுத்துரலாம்.”

“நாப்பத்தொண்ணு சித்தப்பா.”

கொழுவைக் கீழே வைத்தார்.

“பொய் சொல்லியாச்சும் தொலைக்கக் கூடாதாடி?” என்றார் சித்தி. சொல்லிவிட்டு அவரே அழத் தொடங்கினார். இத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்தது இன்றுதான்.

“அவ பொய் சொன்னா, நான் ரெண்டு ஏக்கர்ல தூவிட்டு ரெண்டுலயும் களையப் புடுங்கிக்கிட்டு இருக்கணும்” என்றார் சித்தப்பா. குரலில் எனக்கு ஆதரவாக எதுவும் இல்லை. “ஒரு ஏக்கர். எழுபது கிலோவும் ஒண்ணுலயே. மத்த ரெண்டும் தரிசு.”

துணியை வாங்கித் தரையில் விரித்து, முளைத்ததையெல்லாம் விரலால் நகர்த்திப் பார்த்தார்.

“எல்லாம் எந்திரிச்சப்ப எந்திரிக்காமக் கெடந்த சோம்பேறிப் பயலுக. இவனுகதேன் மிஞ்சியிருக்கானுக.”

அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சீக்கிரம் முளைத்ததெல்லாம் மாட்டுக்கும் மயிலுக்கும் போனது, காய்ந்தும் செத்தது. இந்த ஏக்கர் விளைந்தால் அடுத்த வருட விதை முழுக்கத் தாமதமாக எழுந்தவற்றின் பிள்ளைகளாக இருக்கும். அது அவர் பொறுக்கி வைத்திருந்த அதே நெல்லாக இருக்குமா, ஒரே தடவையில் அப்படி மாறுமா, தெரியவில்லை. அவரிடம் சொல்லவில்லை. அவர் நாற்பது வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை நான் ஒரு சணல் கட்டில் வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம். விளையாமலே போனால் அந்தக் கேள்வியும் இல்லை. நாற்றங்காலில் மிஞ்சியது கால் ஏக்கருக்குக்கூடக் காணாது.

கிளம்பும்போது சித்தி தண்ணீர் கொடுக்கவில்லை. எப்போதும் கொடுப்பார்.

சித்தப்பா மட்டும் தெருமுனை வரை வந்தார். “நாளைக்கு வந்துரு. தூவுறதுக்கு ஆளு இல்ல” என்றார்.

நாளை வெள்ளி. ஐந்தரை மணிக்குக் கண்மாய்க்கரை வயல். டிராக்டர் ஆறு மணிக்கு வரும். எழுபது கிலோவை மூன்று பங்காக எடை போட்டு, ஒரு ஏக்கரையும் மூன்று பாத்தியாகக் குச்சி நட்டுப் பிரித்து, பாத்திக்கு ஒரு பங்கு தூவ வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மண்ணால் மூட வேண்டும். மில்லுக்கு இரண்டு மணிக்கு.