சஹனில் ஒரு வெள்ளைப் பக்கம்

ஹபீலாவுக்கு உருளைக்கிழங்கின் மேல் ஒருகாலமும் பெரிய மரியாதை இருந்ததில்லை. இறைச்சி போதாத நாளில் கறியைக் கூட்டிக் காட்டச் சட்டியில் போடுகிற சாமான் அது, அவ்வளவுதான். இப்போதோ கட்டுகஸ்தோட்டை வீட்டில் கண் விழித்ததும் அவள் தேடுவது கிழங்குக் கூடையைத்தான்.

புருஷன் ஹுஸைனின் குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து வீட்டுக்கு அனுப்பிய டொக்டர், நாருள்ள எதையும் கொஞ்சக் காலத்துக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றிருந்தார். கீரை கூடாது, பருப்பு கூடாது, பலாக்காய் கூடாது, சம்பல் கூடவே கூடாது. வெள்ளைச் சோறும் தோல் சீவி அவித்த கிழங்கும் ஆகும். ஹபீலா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளே உடம்பு தேறட்டும் என்று வல்லாரைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நோய் என்றதும் இலையை அரைத்துப் பிழிந்து பழகிய கை, வேறென்ன செய்யும்? மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அதற்குப் பிறகு அவளுக்குப் பச்சை நிறத்தைக் கண்டாலே பயம்.

ஆகவே கிழங்கு. நுவரெலியா மண் ஒட்டிய கிழங்கைக் கழுவி, கண்ணெல்லாம் போகத் தடிப்பாகச் சீவி, குழைய அவித்து, அரிதட்டில் தேய்த்து எடுப்பாள். வெறும் மசியலை அவர் வாயில் வைக்கமாட்டார். அதனால் ரம்பை இலையையும் கறிவேப்பிலையையும் கறுவாப்பட்டையையும் வெங்காயத்தையும் வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டித் தேங்காய்ப்பாலில் இறக்குவாள். வாசம் பாலில் ஊறியதும் முடிச்சைப் பிழிந்து வெளியே எடுத்துவிடுவாள். சட்டியின் ஆவி ஜன்னலுக்குப் போகும். மகாவலி கங்கையிலிருந்து எழும்பும் பனி அங்கே வந்து நிற்கும். எது பனி, எது ஆவி என்று தெரியாத அந்த வெண்மையைப் பார்த்தபடி அவள் அகப்பையை மறந்து நிற்பாள். உலகமே நாரில்லாமல் மெத்தென்று ஆகிவிட்டது என்று தோன்றும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது ஒன்றுதான். ஹுஸைன் அதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கரண்டியால், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருக்கும் அவருக்குச் சாப்பாடு என்றால் சஹன்தான். பாயில் வெள்ளைத் துணி விரித்து, ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்தால், நடுவிலுள்ள கோழியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கத்துக்கும் தள்ளிவிடுவது அவர் கைதான். அவர் இருந்த சஹனில் எவரும் வெட்கப்பட்டு அரை வயிற்றோடு எழும்பியதில்லை.

மகள் பஸ்லினாவின் நிக்காஹ் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ரிஸ்கான் நாவலப்பிட்டியிலிருந்து தன் ஆட்களோடு முதல் விருந்துக்கு வருகிறார். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் சஹனில் இருக்காவிட்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஹபீலா கெஞ்சினாள், கோபித்தாள்.

"எனக்கு ரூமுக்குள்ளயே தாங்க" என்றார் ஹுஸைன். "மாப்பிள்ளைட முன்னுக்கு நான் சின்னப் புள்ள மாதிரி வேற கோப்பையில தின்ன ஏலாது."

டொக்டர் வெட்டியது குடலை மட்டும்தானா என்று ஹபீலாவுக்குச் சந்தேகம் வந்தது. அழுகையும் ஆத்திரமுமாக மதிய ளுஹர் தொழுதுவிட்டு, அந்தத் தொழுகைப் பாயிலேயே கண்ணயர்ந்து போனாள்.

கனவில் கண்டிக் குளம் ஒரு பெரிய சஹனாக விரிந்து கிடந்தது. கரையைச் சுற்றி ஊர் ஆண்களெல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரில் தோல் சீவிய கிழங்குகள், வெள்ளை வெள்ளையாக, அவசரமில்லாமல் மிதந்தன. ஹுஸைனும் இருந்தார். தூரத்தில் மிதந்த எதற்கும் அவர் கை நீட்டவில்லை. தன் முன்னால் ஒதுங்கியதை மட்டும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். முகம் பழைய முகமாக இருந்தது.

விழித்ததும் ஹபீலாவுக்குச் சிரிப்பு வந்தது. சஹனில் யாரும் அடுத்தவர் பக்கம் கை வைப்பதில்லை. அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிடுவதுதானே பழக்கம். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம், ஒரு குட்டித் தூக்கம் வந்து சொல்லவேண்டியிருந்தது.

ஞாயிறன்று அவளே சஹனை நிரப்பினாள். நெய்ச்சோறு, நடுவில் பொரித்த கோழி, ஓரத்தில் அச்சாறு. ஒரு பக்கம் மட்டும் வெள்ளைச் சோற்றால் வரப்புக் கட்டி, அதற்குள் கிழங்குப் பால்கறியைக் குவித்தாள். பிறகு அறைக்குப் போனாள். "பஸ்லினாட வாப்பா, வேற கோப்பை இல்ல. ஒங்கட பக்கம் ஒங்களுக்கு. வந்து இரிங்க."

அவர் எட்டிப் பார்த்தார். சஹனில் அந்த வெள்ளைப் பக்கம் தெரிந்தது. பிறகு இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து மாப்பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்தார்.

ஹபீலா குசினித் திரைக்குப் பின்னால் நின்றாள். பிஸ்மி சொல்லித் தொடங்கி, ஹுஸைன் பக்கத்தில் வைத்திருந்த கரண்டியால் நடுவிலிருந்த கோழியைப் பிளந்து ஒவ்வொருவர் முன்னும் தள்ளினார். பிறகு கையால் தன் கிழங்கைத் தொட்டார். குனிந்து, கூச்சத்தோடு சாப்பிட்டார். ரிஸ்கான் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"மாமா" என்றார் மெதுவாக. "எல்லாத்துலயும் பங்கு தந்தீங்க. அந்தக் கிழங்குல மட்டும் எங்களுக்குப் பங்கு இல்லையா?"

ஹுஸைனின் கை நின்றது. அவர் கரண்டியை மறுபடி எடுத்து, வரப்பை உடைத்து, ஒரு பெரிய பங்கை மாப்பிள்ளையின் பக்கம் தள்ளினார். அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவருக்கும் போனது, அதற்கடுத்தவருக்கும் போனது. கறுவா வாசம் நல்லாயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

"ஹபீலா, கிழங்கு முடிஞ்சி போச்சி. இன்னம் ஈக்கா?"

அந்தக் குரல் வாசல்வரை கேட்டது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சத்தமாகப் பேசியதே இல்லை. சட்டியை வழித்துப் பார்த்தாள், ஒன்றும் மிச்சமில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து புதிதாகச் சீவ ஆரம்பித்தாள்.

வெங்காயமா உரிக்கிறீங்க என்று பஸ்லினா வந்து குனிந்து பார்த்தாள். ஹபீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.