ஒட்டுக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கே நர்சரிக்காரருக்கு அவர் மச்சான் போன் செய்துவிட்டார்.

"மாப்ள, உடனே வா. பேஷண்ட் எந்திரிச்சு உக்காந்துட்டாரு!"

பேஷண்ட் என்பது மச்சான் வீட்டு மொட்டைமாடியில் தொட்டியில் நிற்கும் ரோஜாச் செடி. நர்சரிக்காரர் செடி வெட்டும் கத்தரியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை வந்த மனைவி, "எங்கண்ணனும் அவர் பொண்ணும் பேசிக்கிறதே அந்தச் செடியாலதான். வாய்ல வந்ததக் கொட்டிட்டு வராதீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் மிகை இல்லை. மச்சான் பிடித்துக் கொடுத்த வேலையை உதறிவிட்டு மகள் எங்கோ தொலைவில் போய் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் பேச்சு இல்லை. பிறகு ஒரு நாள் அவளிடமிருந்து பார்சலில் ஆரஞ்சு நிற ரோஜாச் செடி வந்தது. அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்குப் போனும் வந்தது.

நர்சரிக்காரர் செடி வந்த அன்றே சொன்னார்: "இது குளிர் ஊர்ச் செடி மச்சான். நம்ம ஊர்ல காத்தப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து கொட்டிடும்."

மச்சான் தண்ணீர் மீட்டர் எண்களைக் குறித்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவர். செடிக்கும் நோட்டு ஒன்று போட்டு இலைகளை எண்ணிக் குறித்தார். இலையை நனைக்காமல் காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர், வியாழனுக்கு வியாழன் மருந்து, புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கி உறையில் கட்டி அப்புறப்படுத்துவது என்று எதிலும் குறை வைக்கவில்லை. செடிதான் கேட்கவில்லை. பன்னிரண்டு இலை ஒன்பதாகும், ஒன்பது ஐந்தாகும்.

"எத்தனை எலைப்பா?" என்பாள் மகள். "அஞ்சும்மா" என்பார் இவர். அங்கிருந்து பேச்சு கிளம்பி, அவள் இருமல், இவர் முழங்கால் என்று கால் மணி நேரம் போகும். ஒரு வாரம் மட்டும் வாய் தவறி, "வேலை எப்படிப் போகுது?" என்று ஆரம்பித்தார். ஒரே நிமிடத்தில் போன் வைக்கப்பட்டது.

மாடியில் மச்சான் புது மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். தொட்டியில் இடுப்புயரக் கிளை ஒன்று, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்த இலைகளோடு.

"ஒரு புள்ளி காட்டு பாப்போம்! அடுத்த மாசம் பூவப் பாக்க வராளாம் மாப்ள. நேர்ல!"

நர்சரிக்காரர் கத்தரியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, விரலால் மண்ணை விலக்கினார். அந்தக் கிளை, ஒட்டு வைத்த முண்டுக்குக் கீழேயிருந்து வந்திருந்தது. முண்டுக்கு மேலே மூன்று குச்சிகள். ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினார். எதிலும் பச்சை இல்லை.

"என்னடா அது, எலிக்குக் குழி தோண்டுற மாதிரி?"

அதுவரை அவர் மாப்பிள்ளையை 'டா' போட்டதில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"மச்சான், இது அவ அனுப்புனது இல்ல."

"பின்ன நீ அனுப்புனதா?"

"அவ அனுப்புனது மேல இருந்த குச்சி. அதத் தாங்க அடியில ஒட்டுன காட்டுச் செடி இது. மேல செத்துட்டா இது முளைக்கும்."

மச்சானின் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எப்போ செத்துச்சு?"

"இருபது நாள் இருக்கும்."

மச்சான் நோட்டைப் புரட்டினார். கடைசி இருபது நாளில்தான் எண்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன.

"இது பூக்காதா?"

"பூத்தாலும் பொடிசா வெள்ளையா பூக்கும்."

"அப்ப வேற ஒண்ணு வாங்கி..."

"அதுக்கும் இதே காத்துதான் மச்சான்."

"ஊர்ல உள்ள செடியெல்லாம் வளக்கிற. ஏதாவது பண்ணேன்டா." இந்த 'டா' வேறாக இருந்தது.

"முடிஞ்சா பண்ண மாட்டேனா?"

ஒன்பது மணி. கைப்பிடிச் சுவர்மேல் போன் அடித்தது. மச்சான் ஸ்பீக்கரைப் போட்டார்.

"எத்தனை எலைப்பா?"

மச்சான் செடியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் மகளும் செருமினாள்.

நர்சரிக்காரர் கத்தரியைப் பைக்குள் திருப்பிப் போட்டார். குத்துக்காலிட்டு அடியிலிருந்து எண்ணினார். "நாப்பத்தொண்ணு" என்றார், மெதுவாக.

"நாப்பத்தொண்ணும்மா."

"ஐயோ, சூப்பர்ப்பா! அப்ப நான் வரும்போது பூத்துடும்ல?"

மச்சான் போனை அவசரமாக நீட்டினார், சூடான பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோல. "மாமா இங்கதான் இருக்காரு. அவரையே கேளு."

"மாமா? பூத்துடும்ல மாமா?"

நர்சரிக்காரர் மண் ஒட்டிய கையைப் பேன்ட்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். மச்சான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்மா. ரெண்டு எலை விட்டுப் போச்சு போல. திரும்ப எண்ணிச் சொல்றேன்" என்று அடியிலிருந்து தொடங்கினார்.