லாரிக்கு முன்னால் ஓடியவள்

அன்று மலேசியாவின் ஈப்போ நகரத் திடலில் கடைசிவரை இருந்தவர்கள் இவர்கள்: ஓட்டத்தை நடத்திய மன்றத்தின் செயலாளர் இராஜசிங்கம், லாரி ஓட்டிய சன்னாசி, பத்துமலை, அவர் மனைவி நல்லம்மாள், பத்துமலையின் தங்கை செல்லாயி. மற்றவர்கள் பரிசு கொடுத்து முடிந்ததும் கலைந்துவிட்டார்கள். பிற்பாடு கோயிலிலும் மார்க்கெட்டிலும் கண்ணால் பார்த்ததுபோல் பேசிய ஒருவரும் அங்கே நிற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

பத்துமலையின் அப்பா கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணி. அவருக்குப் பின் பத்துமலையே கங்காணி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் குடும்பம் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்குக் குடிவந்தது. வேலை போனாலும் முதுகு வளையவில்லை. சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் காப்பிக் கடைக்கே போவார். கணவனை இழந்த செல்லாயி அவரோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை.

எழுபத்தொன்பதாம் ஆண்டில், சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போ வரை நடக்கும் ஓட்டத்தில் பெண்களும் ஓடலாம் என்று மன்றம் அறிவித்தது. செல்லாயி பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் பத்துமலை.

"அந்த ரோட்ட பஸ்ஸுல பாத்திருக்கேன், நடந்து பாத்திருக்கேன். ஓடிப் பாக்கலாம்னு இருக்குண்ணே."

அவர் கழுத்துப் பித்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: "ஓடு. ஆனா முடியாதவங்கள ஏத்திக்க பின்னால ஒரு லாரி வரும். அதுல நீ ஏறுனா நான் கோயில்ல தலகாட்ட முடியாது. கங்காணி வீட்டு ஆளு பாதியில ஏறிடுச்சுன்னு பேரு வரக்கூடாது."

"ஏற மாட்டேன்லா."

பயிற்சி தொடங்கிய முதல் நாள் விடியலில் அவள் காப்பிக் கடை முனை வரைதான் ஓடினாள். அதற்குள் வரிசையாகக் கதவுகள் திறந்தன. அங்கே குடியிருந்தவர்கள் பாதிப் பேர் தோட்டத்து ஜனங்கள். தோட்டத்தில் காரணமில்லாமல் யாரும் ஓடமாட்டார்கள். ஒருவர் ஓடி வந்தால் சாவு, இல்லையென்றால் தீ. "யாருக்கு என்னாச்சு?" என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். அவள் நின்று நின்று பதில் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு," என்று சிரித்தாள் நல்லம்மாள். "நீ மூச்சு வாங்க ஊரே நிப்பாட்டுது."

மானம் காக்க, பத்துமலை சைக்கிளில் கூடவே போகத் தொடங்கினார். அதுவே பெரிய வேதனையாகிவிட்டது. சைக்கிள் அவ்வளவு மெதுவாகப் போகாது. சாயும், கால் ஊன்றுவார், மறுபடி மிதிப்பார். வாரக்கணக்கில் அவள் ஒரே விளக்குக் கம்பத்தைத் தாண்டவில்லை. மழைக்காலத்தில் அதற்கும் முன்பே நின்றாள். முகத்தில் வருத்தம் இல்லை. "நேத்து இந்தக் கம்பம். இன்னிக்கும் இதே கம்பம். நாளைக்கு வந்து பாப்போம்," என்று திரும்பி நடப்பாள்.

ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "இந்த வேகத்துல போனா தைப்பூசத்துக்குத்தான் ஈப்போ போய்ச் சேருவே!"

"பெரட்டுக் களத்துல நீங்க என்னண்ணே கத்துவீங்க? ஆழமா வெட்டாத, மரம் புண்ணாயிரும், பட்டைய மெல்லிசா சீவுன்னுதானே? நான் மெல்லிசா சீவிக்கிட்டு இருக்கேன்."

விடியுமுன் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்தக் களத்தில் அவரை எதிர்த்து யாரும் பேசியதில்லை. ஆளில்லாத ரோட்டில் பத்துமலை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார்.

அதன்பின் கம்பம் கம்பமாக அவள் ஓடும் தூரம் கூடியது. ஓட்டத்தன்று இளம்பெண்கள் எல்லாரும் முன்னால் போய் மறைந்துவிட்டார்கள். சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் பனி கட்டியிருந்தது. கடைசியாகச் செல்லாயி, அவள் பக்கத்தில் சைக்கிள், பின்னால் உறுமிக்கொண்டு சன்னாசியின் லாரி. அவள் லாரியைத் திரும்பியே பார்க்கவில்லை.

வழியிலுள்ள குனோங் ராப்பாட்டில், பழைய தோட்டத்து மாரியம்மா கூடையும் கையுமாய் ரோட்டோரம் நின்றிருந்தாள். செல்லாயியைக் கண்டதும் வாயில் அடித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "ஐயோ செல்லாயி! யாருடி போயிட்டா?"

செல்லாயியின் கால் தடுமாறியது. பதில் சொல்லாமல் போவது முறையில்லை. நின்றால் கால் மறுபடி எழாது. அதைப் பத்துமலை கண்டுகொண்டார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு நடு ரோட்டில் நின்று, பெரட்டுக் களத்துக் குரலில் கத்தினார்:

"யாரும் போவல! என் தங்கச்சி ஓடுறா! வழி விடு!"

மாரியம்மா கூடையோடு ஒதுங்கினாள். அந்த வேகத்திலேயே அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு ஓடினார். மூன்று கம்பம் போயிருப்பார். நெஞ்சு அடைத்தது. நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை.

சைக்கிள் மேலிருந்து பார்த்தபோது ஊர்வதுபோல் இருந்த அதே ஓட்டம்தான். தரையில் நின்று, மூச்சுக்குத் தவித்துக்கொண்டு பார்த்தபோது அது வேறாக இருந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குன்றின் அடியில் அந்தச் சின்ன முதுகு, ஒரே சீராக, போய்க்கொண்டே இருந்தது. தினமும் பக்கத்திலேயே வந்தும் இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று அவருக்கு மேனி சிலிர்த்தது. கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

சன்னாசி லாரியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "கங்காணி, ஏறுங்கலா. தங்கச்சி போயிக்கிட்டே இருக்கு."

திடலில் இராஜசிங்கம் எல்லைக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். "நான் இன்னும் அவிழ்க்கேல்லை, தங்கச்சி. வாங்கோ," என்றார். செல்லாயி கயிற்றைத் தொட்டாள். நல்லம்மாள் துண்டை நீட்டினாள்.

பத்துமலையின் தங்கை குனோங் ராப்பாட்டில் லாரி ஏறி, திடலுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிக்கொண்டாள் என்று ஒரு பேச்சு இன்றும் இருக்கிறது. அது தவறு. லாரியில் ஏறியது பத்துமலையும் அவருடைய சைக்கிளும். செல்லாயி ஓடியே வந்தாள்.